ரிசல்ட் வந்தாயிற்று, பட்டியல் எங்கே?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகிறது. விருதுநகர் மாவட்டத்தில் இது ஒரு திருவிழா. எத்தனை சதவீதம், மாநிலத்தில் எத்தனையாவது இடம், போன வருடத்தைவிட ஏற்றமா இறக்கமா என்று டீக்கடையில் தொடங்கி கலெக்டர் ஆபீஸ் வரை இதே பேச்சு. பேசட்டும். 2023-இல் 97.85 சதவீதம் எடுத்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம், பெருமைப்பட நியாயம் உண்டு. அதே மாவட்டத்தைத்தான் 2018-இல் நிதி ஆயோக், முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று நாகரிகமாகப் பெயர் வைத்த தன் பட்டியலில் ராமநாதபுரத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டது. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவில்தான் நம் தெருப் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

எங்கே போகிறார்கள் என்பது ரகசியமில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப் போகும் வேன்களில் போகிறார்கள். பரீட்சை முடிந்ததும் "லீவுக்கு மட்டும்" என்றுதான் ஏறுகிறார்கள். ரிசல்ட் வரும்போது கையில் நாலு வாரக் கூலி புரண்டிருக்கும். கல்லூரி திறக்கும்போது வீட்டில் அந்தக் கூலிக்கு ஒரு செலவு காத்திருக்கும். தீபாவளி நெருங்க நெருங்க ஆலையில் ஆள் தேவை ஏறும். ஃபோர்மேன் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார். தீபாவளி முடிந்தபின் "அடுத்த வருஷம் சேர்த்துவிடலாம்" என்பார்கள். அடுத்த வருஷம் தங்கச்சிக்குப் பிளஸ் டூ முடிந்திருக்கும், வேனில் இரண்டு பேராக ஏறுவார்கள்.

இந்த மாதமும் அடுத்த மாதமும்தான் நமக்கு இருக்கிற காலம். அதனால்தான் இந்த அறைகூவல். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள் என்று மாலை போட்டு, பேச்சுப்போட்டி வைத்து, மிட்டாய் கொடுப்பார்கள். அந்தத் தேதிக்குள் நம் வேலை நடக்கும் ஊர்கள் ஒவ்வொன்றிலும், பிளஸ் டூ எழுதிய ஒவ்வொரு தலித் பிள்ளையின் பெயரும் நம் கையில் வேண்டும். என்ன மதிப்பெண், எங்கே சேர்ந்திருக்கிறார், சேரவில்லை என்றால் எதனால், யார் போய்ப் பேச வேண்டும். பேனர், பொதுக்கூட்டம், விருது எல்லாம் அதற்குப் பிறகு.

"வறுமை என்று சொன்னால் போதாதா, ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. ஆலையில் எல்லாச் சாதியும் வேலை செய்கிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில், 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில், 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில், 2024 மே மாதம் செங்கமலப்பட்டியில், 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டியில் வெடி விபத்துகளில் கரிந்து போனவர்களில் எல்லாச் சாதியினரும் உண்டு. அச்சங்குளத்தில் இறந்தவர்களில் ஒரு கல்லூரி மாணவியும் உண்டு என்று அப்போதைய பத்திரிகைகள் எழுதின. சாவில் பாகுபாடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆலையை விட்டு வெளியேறும் வழியில் இருக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து மருந்து செலுத்துகிற நான்கு பேரில் ஒருவரின் பிள்ளைக்கு மதுரையில் சொந்தச் சாதி விடுதி இருக்கிறது. இன்னொருவருக்கு அறக்கட்டளை உதவித்தொகை, சிபாரிசு செய்ய ஒரு பெரிய மனிதர், கல்லூரி அலுவலகத்தில் ஒரு சித்தப்பா. நம் தெருப் பிள்ளைக்கு அரசாங்கம் மட்டும்தான். அந்தக் கதவை எங்கே தட்டுவது, எந்தக் காகிதத்தோடு தட்டுவது என்று சொல்ல, வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை.

அந்த வழியை மற்றவர்கள் எப்படிப் போட்டார்கள் என்று பார்ப்பதில் வெட்கம் இல்லை. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கில் இழுக்கப்பட்டு, 1899 ஜூனில் சிவகாசியில் வீடு எரிந்து நின்றவர்கள் நாடார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1889-இல், அவர்கள் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார்கள். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமைக் காசும், வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியும் அந்தப் பள்ளியை நடத்தின. அங்கே படித்த ஒரு பையன் ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் துணிக்கடைக்குப் போனார். அந்தக் காமராசர்தான் பின்னாளில் முதலமைச்சராகி, மூடிக்கிடந்த பள்ளிகளைத் திறந்து, மதிய உணவும் போட்டார். அதே மகமை வழியில் எழுந்த கல்லூரிகளில் இன்று நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்த வாசலில் நன்றியோடும் நிற்கலாம், கேள்வியோடும் நிற்கலாம். மகமை எடுக்க நமக்குக் கடைவீதி கிடையாது. ஆட்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

1957 செப்டம்பர் 11 நமக்கு மறக்க முடியாத தேதி. தீண்டாமை எதிர்ப்புப் போராளி இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்ட நாள். விருதுநகர் அப்போது அதே ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவில் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கப் போனார்கள். பள்ளியில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-இலேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. ஆனாலும் மாநில ஆளுநர் துப்பாக்கி ஏந்திய படையை வாசலில் நிறுத்தி மறித்தார். பிள்ளைகளை ஒருங்கிணைத்தவர் டெய்சி பேட்ஸ் என்ற அம்மையார். எல்லாரும் சேர்ந்தே போவோம் என்று முதல் நாள் இரவு முடிவாகி, வீடுகளுக்குச் சேதி போயிற்று. எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் வீட்டில் தொலைபேசி இல்லை. சேதி போகவில்லை. அவள் தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினாள். காறித் துப்பவும் தயாராக நின்ற கூட்டத்துக்கு நடுவே, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நடந்தாள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போயிற்று. அதைக் காட்டி அவளுடைய துணிச்சலைப் பேசுவது வழக்கம். அமைப்பு வேலை செய்கிறவன் கண்ணுக்கு அதில் உறுத்துவது போய்ச் சேராத அந்தச் சேதிதான்.

நாம் எப்படிச் சேதி சொல்கிறோம்? வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். விண்ணப்பக் கடைசித் தேதியைப் போட்டோம், முப்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள், வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். கட்டைவிரல் காட்டியவர்கள் எல்லாரும் தோழர்கள். பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் இருப்பது பட்டன் போன், அதுவும் அப்பாவோடு போய், ஆலைக்கு வெளியே டோக்கன் போட்டு வைத்த பையில் கிடக்கிறது. வெடிமருந்து வளாகத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பது நமக்குத் தெரியாததா? பகல் முழுக்க எட்ட முடியாத மக்களுக்குப் பகலில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இந்த முறை கால்நடையாக, இருட்டிய பிறகு, வேன் வந்து இறக்கிவிட்ட பிறகு.

போன வருடம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அப்படிப் போனோம். பெண்ணுக்கு நல்ல மதிப்பெண். தனியார் கல்லூரி ஒன்றில் பி.காம். இடமும் கிடைத்திருந்தது. சான்றிதழ்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருந்தார்கள். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். முழங்கை வரை அலுமினியப் பொடி, தெருவிளக்கில் வெள்ளியாய் மின்னுகிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. மதிப்பெண் பட்டியலைத் தொடவே இல்லை அவர். "நீங்களே பிடிங்க தம்பி, எங்கை பட்டா அழுக்காயிரும்" என்றார். கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சேர்க்கை என்று சொல்லிவிட்டார்களாம். ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டிடம் முன்பணம் கேட்டிருந்தார்கள். அவரும் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, தீபாவளி வரைக்கும் அம்மாவோடு பெண்ணும் வேலைக்கு வர வேண்டும். படிப்புக்காக வாங்கும் கடன் படிப்பையே தின்றுவிடும் ஏற்பாடு.

இந்த வீட்டுக்கு 2012-இலேயே அரசாணை இருக்கிறது, தோழர்களே. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அரசாணை எண் 92, தேதி 11.9.2012. வருமான வரம்புக்குள் வரும் ஆதிதிராவிடர், பழங்குடி, கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் அரசு நிர்ணயித்த கட்டணத்தைக் கைக்காசில் கட்டத் தேவையில்லாமல் செய்ய வந்த ஆணை அது. அதன் நகலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போய்க் கல்லூரி அலுவலக மேசையில் வைத்தோம். முதலில் "எங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை" என்றார்கள். மாவட்ட நலத்துறை அலுவலகத்துக்கு மனு போட்டு, ஒப்புகை எண்ணோடு திரும்பிப் போனபோது பேச்சு மாறியது. பெண் சேர்ந்தாள். ஏஜென்ட்டுக்குத்தான் கோபம்.

ஓர் ஆணை, நாலு ஆள், ஒரு ஜெராக்ஸ். வீரதீரம் எதுவும் தேவைப்படவில்லை. இந்த வேலை இவ்வளவு சாதாரணமானது என்பதே பல சமயம் நமக்குக் கவர்ச்சி குறைந்து தெரிவதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மறியலுக்கு வரும் கூட்டம் இ-சேவை மைய வரிசைக்கு வருவதில்லை.

வரிசையில்தான் பிள்ளைகள் உதிர்கிறார்கள். வருமானச் சான்று போன வருடத்தது, செல்லாது. சாதிச் சான்றில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. வங்கிக் கணக்கு இருக்கும், ஆதாரோடு இணைந்திருக்காது. உதவித்தொகை நேரடியாகக் கணக்குக்கு வரும் காலத்தில் இது ஒன்று போதும், மூன்று வருடப் பணமும் வராமல் நிற்க. முதல் பட்டதாரிச் சான்று என்று ஒன்று இருப்பதே தெரியாது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், பொறியியலிலும் மருத்துவத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம், விடுதி: எல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் இருக்கிறது. பட்டாசு ஆலை விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்தாரே, நம் ஊர்களில் அந்தப் பிள்ளைகள் யார் யார், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் நம்மிடமே இருக்க வேண்டும்.

"நான் பத்தாவதுதான், நான் என்ன சொல்லித் தருவேன்" என்று பின்வாங்கும் தோழர்களுக்கு ஒரு செய்தி. அதே 1957-ஆம் ஆண்டு, ஜனவரியில், தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவில் கறுப்பின மக்கள் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். வாக்காளராகப் பதிய எழுத்துத் தேர்வு வைத்து அவர்களை வடிகட்டிய காலம். செப்டிமா கிளார்க் முன்னின்று திட்டமிட்டார். பாடம் நடத்தத் தேர்ந்தெடுத்ததோ பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகையலங்காரத் தொழிலாளியை. வாத்தியார் வேண்டாம், மக்களோடு பேசத் தெரிந்தவர் போதும் என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு. முதல் நாள் அவர் மாணவர்களிடம், உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாராம். பதினான்கு பேரோடு தொடங்கிய அந்த வகுப்பு, பின்னால் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவிய குடியுரிமைப் பள்ளிகளுக்கு முதல் விதை. இங்கேயும் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு டைலர் அக்கா, ஒரு ஆட்டோ ஓட்டும் தம்பி, இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண் இருந்தால் ஒரு தெருவுக்குப் போதும்.

உள்ளுக்குள்ளும் ஒன்று பேசியாக வேண்டும். கசக்கும். அருந்ததியர் தெருவுக்கு நாம் கடைசியாகப் போகிறோம், சில ஊர்களில் போவதே இல்லை. 2009-இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதி அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று சொல்லியும் ஆயிற்று. இன்னும் நம் கூட்டங்களில் அதைப் பற்றி முணுமுணுப்பு. மேல்தெருக்காரன் நம்மைப் பார்க்கிற பார்வையை நாம் இன்னொரு தெருவின் மீது வைத்துக்கொண்டு சமத்துவம் பேச முடியாது. இந்த முறை பட்டியல் அருந்ததியர் தெருவில் தொடங்கட்டும். எல்லா ஊரிலும்.

தலித் அல்லாத தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது, அது எங்கள் தெருவில் இல்லை. 2022-இல் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க மறுத்த கடைக்காரர் இருந்தது உங்கள் தெருவில். 2023-இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பியது உங்கள் வீட்டுக்குள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் மருத்துவமனையிலிருந்து மீண்டு 2024-இல் 600-க்கு 469 எடுத்தான். அவனைப் பாராட்டக் கூட்டம் கூடியது. வெட்டியவர்கள் வளர்ந்த தெருக்களில் எத்தனை கூட்டம் நடந்தது? அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது, சமூகத்தில் எல்லாரையும் உள்ளடக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதை உங்கள் தெருவில், உங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தம்பியின் மணிக்கட்டுக் கயிறை அவிழ்க்கச் சொல்லுங்கள். அங்கே எங்கள் குரல் எடுபடாது, உங்கள் குரல் எடுபடும்.

பட்டாசுத் தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள், கொஞ்சம் உரிமையோடு. போனஸ், கூலி உயர்வு, பட்டாசில் பேரியம் சேர்க்கத் தடை வந்ததால் போன வேலைநாட்கள் எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன. அதோடு ஒரு வரி சேருங்கள்: பதினெட்டு நிறையாத யாரையும் லீவு வேலைக்குக்கூட எடுக்கக் கூடாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டமும் அதைத்தான் சொல்கிறது. முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். தீப்பெட்டிக் கட்டை அடுக்கியது ஒரு காலத்தில் பத்து வயதுக் கைகள்தான். 1976-இல் சிவகாசிக்குக் குழந்தைத் தொழிலாளர்களை ஏற்றிப் போன பேருந்து வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் சிவகாசியை வைத்துத்தான். தீர்ப்பும் வந்தது, சங்கங்களும் தொண்டர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகவும் போனார்கள், பத்து வயதுக் கைகள் பள்ளிக்குப் போயின. இப்போது பதினேழு வயதின் முறை.

ஆசிரியத் தோழர்கள் தங்கள் பள்ளியில் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பெயரையும் ஊரையும் மட்டும் நமக்குக் கொடுத்தால் பாதி வேலை முடியும். கல்லூரியில் இருக்கும் தோழர்கள், உங்கள் கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 2012-இல் யுஜிசி போட்ட விதி அது. பலகையாவது இருக்கிறதா பாருங்கள். சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடத்தும் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அரியர் வைத்து, ஆடிப்பெருக்குப் பூஜை போட்டுப் பட்டாசுக் கடைகள் வியாபாரம் தொடங்கும் நேரத்தில் வேனில் ஏறிவிடும் பிள்ளைகள் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள். சேர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீனியர் பெயரைப் பட்டியலின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் வைக்கப்போகும் கோரிக்கை ஒன்றே ஒன்று. தேர்ச்சி சதவீதம் அறிவிப்பதைப் போல, தேறிய பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்கல்விக்குப் போனார்கள், எத்தனை பேர் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்கள் என்பதையும் ஒன்றியம் வாரியாக அறிவிக்க வேண்டும். கணக்கு அரசு இணையதளங்களில் ஏற்கெனவே பதிவாகிறது. வெளியே சொல்லத்தான் மனம் வேண்டும். நம் பட்டியல் கையில் இருந்தால் அந்த மேசைக்கு வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. அவர்கள் எண்ணை நம் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம்.

வரும் வெள்ளிக்கிழமை முதல், வேன் திரும்பும் நேரத்துக்குப் பிறகு, தெருவுக்கு இரண்டு பேர். ஒருவர் கட்டாயம் பெண் தோழர். கையில் ஒரு நோட்டு, அரசாணை 92-இன் நகல், இ-சேவைக்குத் தேவையான காகிதங்களின் குறிப்பு. வீட்டில் பிள்ளை இல்லை, வேலைக்குப் போயிருக்கிறான் என்றால் அந்தப் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். மறுநாளும் போக வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் யாரிடம், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், அங்கேயே சண்டைக்கு நிற்க வேண்டாம், அதைச் சங்கத் தோழர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதல் பட்டியல் அடுத்த ஞாயிறு இரவுக்குள் வந்தாக வேண்டும். அருப்புக்கோட்டைத் தோழர்கள் நமக்கு முன்பே இறங்கி மூன்று தெரு முடித்துவிட்டார்கள். சாத்தூர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசித் தோழர்களே, உங்கள் முதல் தெரு எது, யார் யார் போகிறீர்கள்? இன்று இரவே சொல்லுங்கள்.